சங்கிலிக்கு மாப்பிள்ளை

செத்துப்போனவள் மேல் பொறாமைப்பட்டவளைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னமனூரில் ஒருத்தி இருந்தாள். சங்கிலியம்மாள் என்று பேர். வெற்றிலைக் கொடிக்கால் பேச்சிமுத்துவின் பெண்டாட்டி. ரெண்டாம் பெண்டாட்டி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவள் வீட்டில் உங்களுக்குப் பச்சைத்தண்ணி கிடைக்காது. ஆனால் விசயம் அதுதான். மூத்தவள் மூக்கம்மாள், சங்கிலியின் கூடப்பிறந்த அக்கா. அவள் மண்ணுக்குள் போய் நாற்பது வருசம் ஆகிவிட்டது.

"செத்தவ மேல என்னடி ஒனக்கு இம்புட்டுக் காந்தல்?" என்று பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் கேட்பாள்.

"உசுரோட இருக்கிற சக்களத்தின்னா தெருவுல நின்னு நாலு வார்த்த வஞ்சுபுட்டு வரலாம். முடியப் பிடிச்சு இழுக்கலாம். இவ பொட்டிக்குள்ளல்ல உக்காந்திருக்கா! வெள்ளிக்கிழமையானா நான் விழுந்து கும்பிட வேண்டியிருக்கு. இந்தக் கூத்து எங்கயாச்சும் உண்டா?" என்பாள் சங்கிலி.

பெட்டி என்றால் சாமிப்பெட்டி. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் சுமங்கலியாகச் செத்தவளைச் சும்மா விட்டுவிடுவதில்லை. ஓலைப்பெட்டியில் அவள் பேருக்கு ஒரு புதுச்சேலை வைத்து வீட்டுச்சாமியாக்கிவிடுவார்கள். வருசா வருசம் மாசிச் சிவராத்திரிக்குப் பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். எடுத்த பழசை அந்த வீட்டில் வாழுகிற பெண்பிள்ளைதான் உடுத்த வேண்டும். வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது, அது சாமிச் சேலை. அந்த வீட்டில் வாழுகிற பெண்பிள்ளை யார்? சங்கிலிதான். மூக்கம்மாள் கல்யாணத்துக்கு உடுத்தியது மஞ்சள் கரை போட்ட அரக்குச் சேலை. அதனால் பேச்சிமுத்து ஒவ்வொரு வருசமும் தேடி அலைந்து அதே அரக்கு, அதே மஞ்சள் கரையில்தான் வாங்கி வருவார். சங்கிலிக்குப் பொங்கலுக்கு எடுக்கிற சேலைக்கு நிறம் பார்த்ததே கிடையாது, கடைக்காரன் எடுத்துக் கொடுத்தது எதுவோ அது.

சங்கிலிக்கு இது பழக்கப்பட்ட விசயம்தான். தேவாரம் என்கிற ஊர்ப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்த அப்பன் வீட்டிலேயே மூத்தவள் கழித்துப்போட்ட பாவாடைதான் சின்னவளுக்கு. மூக்கம்மாள் சிவப்பு, மெதுவாகப் பேசுகிறவள், நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. சங்கிலி கறுப்பு. அவள் நடந்தால் அடுத்த தெருவில் கோழி பறக்கும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மூத்தவள்தான் கண்ணில் பட்டாள், அதில் குற்றம் சொல்ல முடியாது.

மாப்பிள்ளையாக வந்த பேச்சிமுத்து மச்சான் அப்போது எப்படி இருந்தார் என்கிறீர்கள்! வில்வண்டியை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்குவார். சின்னவளுக்கு 'வாலு' என்று பேர் வைத்ததே அவர்தான். "என்ன வாலு, ஒங்க அக்காளோட ஒன்னையும் சேத்துக் கட்டிக்கிறவா? ஒரே பந்தலோட செலவு முடிஞ்சிரும்" என்பார். அவள் தட்டிக்கொண்டிருக்கிற சாணியை எடுத்து எறிவாள். எல்லா மச்சானும் எல்லாக் கொழுந்தியாளிடமும் சொல்கிற பேச்சுதான், அதற்குள் ஒன்றும் கிடையாது. அக்கா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பிள்ளை பெற்ற அடுத்த மழைக்காலத்தில் மூக்கம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். அவ்வளவுதான். கருமாதிக்குத் தேவாரத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். சங்கிலி பின்கட்டில் தாயில்லாப் பிள்ளை கர்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் அழுகையை அமர்த்திக்கொண்டிருந்தாள். முன்வாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே பெண் எடுத்தால் பிள்ளை சீரழிந்து போகும், சின்னவள் இருக்கையில் எதற்கு யோசனை என்று முடித்துவிட்டார்கள். அப்பன் உள்ளே வந்து, "போயி மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார். பந்தி பரிமாறத்தான் கூப்பிடுகிறார் என்று அவளும் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். அப்புறம்தான் தெரிந்தது. சரியா, சம்மதமா என்று ஒரு குஞ்சுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மேளமில்லாமல் தாலி கட்டினார்கள். தாலி கட்டிய கையோடு அந்த ஓலைப்பெட்டி முன்னால்தான் விழுந்து கும்பிடச் சொன்னார்கள்.

அதோடு மச்சானும் போய்விட்டார். ஆள் இருந்தார், சிரிப்பு போய்விட்டது. வாலு என்கிற பேரும் போய்விட்டது. சிரிப்பில்லாத ஆளை மச்சான் என்று கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. அவர் அவளை "இந்தா" என்பார், அவள் அவரை "இந்தாங்க" என்பாள். நாற்பது வருசக் குடித்தனமும் இந்த 'இந்தா'வில்தான் ஓடியது.

பேச்சிமுத்து கெட்டவரில்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. மூக்கம்மாள் வைத்த குழம்பு மாதிரி வருமா என்று மாமியாக்காரிதான் சொல்வாள், அவர் சொன்னதே இல்லை. ஆனால் வாசலில் சங்கிலி வந்து நிற்கும்போதெல்லாம் அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று அணையும். சட்டென்று பார்வையை இறக்கிக்கொள்வார். கண்ணிமைக்கிற நேரம்தான், வேறு எவளாவது என்றால் கவனித்திருக்கக்கூட மாட்டாள். சங்கிலி கவனித்தாள். ஒவ்வொரு தடவையும் கவனித்தாள்.

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. கொடிக்கால்காரர் வீட்டில் வெற்றிலைக்கா பஞ்சம்? கூடை கூடையாக வந்து இறங்கும். ஆனால் தினமும் சாயங்காலம் கொடிக்காலை விட்டுக் கிளம்பும்போது, இருக்கிற கொடியிலேயே நல்ல கொடியாகப் பார்த்து ஒரே ஒரு கொழுந்து வெற்றிலையைக் கிள்ளி மடியில் வைத்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் நேரே போய் அதைப் பெட்டி மேல் வைப்பார். அப்புறம்தான் கால் கழுவுவார். மறுநாள் வாடிப்போன அந்த வெற்றிலையை எடுத்துக் குப்பையில் போடுகிற வேலை சங்கிலிக்கு.

"ஒரே ஒரு நா, ஒரே ஒரு வெத்தல, 'இந்தா, இது ஒனக்கு'ன்னு குடுத்திருப்பாகளா?" என்று கஸ்தூரியிடம் மூக்கைச் சிந்துவாள். "நான் என்ன தங்கத்தையா கேட்டேன்? கொடியில வெளையிறதுதான!"

அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கர்ணன்தான் பிள்ளை. அவனும் குறைவில்லாமல் "ஆத்தா, ஆத்தா" என்று காலைச் சுற்றி வளர்ந்தான். ஊர் மட்டும் அவனை மூக்கம்மா மகன் என்றே சொன்னது. அதற்கும் அவள் காந்துவாள்.

இப்படி இருக்கையில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகள் முடிகிற சமயத்தில், பேச்சிமுத்துவுக்குச் சீக்கு ஆரம்பித்தது.

சீக்கு என்று யாருக்குத் தெரியும்? முதலில் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, "சோறு போடலியா?" என்பார். சங்கிலி, "வயிறா அது, வண்ணான் சாலா?" என்று கத்துவாள். செருப்பைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் வைத்தார். வெற்றிலையை எண்ணிக் கவுளி கட்டினால் ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைச்சல். வியாபாரி வந்து கர்ணனிடம் சண்டை போட்டான். கொடிக்காலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவரை உத்தமபாளையம் ரோட்டிலிருந்து யாரோ சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்தார்கள். பிறந்ததிலிருந்து நடந்த பாதை ஐயா அது! அதற்கப்புறம் கர்ணன் அவரைக் கொடிக்காலுக்கு விடவில்லை. தினமும் அவனே கொஞ்சம் வெற்றிலையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பான். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மறக்காமல் பெட்டி மேல் வைப்பார். அதை மட்டும் மறக்கவில்லை.

"எல்லாம் மறக்குது, இது மறக்கலையாக்கும்?" என்று சங்கிலி பல்லைக் கடித்தாள். வேணுமென்றே நடிக்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். குறிசொல்கிற கோடாங்கி ஒருத்தன் வந்து உடுக்கையடித்து, பெட்டியில் இருக்கிறவள்தான் புருசனைக் கேட்கிறாள் என்று சொன்னான். அன்றைக்குப் பெட்டியோடு அவள் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. "நாப்பது வருசமா நீதானடி வச்சிருக்க! இன்னும் என்னடி வேணும் ஒனக்கு?"

ஒருநாள் காலையில் கஞ்சியோடு வந்து நின்றாள். பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எதுவும் அணையவில்லை. அதற்குப் பதில் மலர்ந்தது.

"அட, வாலு! எப்ப வந்த?"

எத்தனை வருசம் கழித்து அந்தப் பேர்! அதே பழைய மச்சான் சிரிப்பு, பல் மட்டும் பாதி இல்லை. ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்கு முகம் சூடேறியது என்றால் நம்புவீர்களா? ஏறியது.

"ஒங்க அக்காவ எங்க? தொட்டில்ல புள்ள அழுகுறது கேக்கலையா அவளுக்கு? வரச்சொல்லு" என்றார்.

ஏறிய சூடு அப்படியே வேறு சூடாக மாறியது. "அக்காவா? அவ செத்து மண்ணாப் போயிட்டா!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

பேச்சிமுத்து அழுதார் பாருங்கள், அப்படி ஓர் அழுகையை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டார், "மூக்கி, மூக்கி" என்று தரையில் புரண்டார். அன்றைக்கு நிஜமாகச் செத்தபோது ஆம்பிளை என்று அடக்கிக்கொண்டு நின்றவர்தான். இப்போது அடக்கத் தெரியவில்லை. தெருவே கூடிவிட்டது. சங்கிலி தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நான் செத்தால் இதில் கால்வாசி அழுவாரா?

சாயங்காலம் எல்லாம் மறந்துவிட்டது. "வாலு, ஒங்க அக்காவ எங்க?" என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அதே அழுகை, அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி. மறுநாளும் சொன்னாள். சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அழுது அழுது என்றைக்காவது அந்த அழுகை தீர்ந்துபோகாதா என்று ஒரு வெறி. கஸ்தூரியம்மாள்தான் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடிப்பாவி, அந்த மனுசனுக்கு எத்தன தடவடி பொண்டாட்டியச் சாகடிப்ப?"

"எனக்கு ஒரு தடவகூடச் சாக மாட்டேங்குறாளே, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சங்கிலி அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

கர்ணன் அப்பனையும் ஆத்தாளையும் பஸ்ஸில் ஏற்றித் தேனிக்குக் கூட்டிப்போனான். அங்கன ஒரு டாக்டர், வயசானவர், பொறுமையானவர். பேச்சிமுத்துவிடம் என்ன மாசம், என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டார். அவர் பதிலுக்கு டாக்டரிடம், "நீங்க யாரு மகன்?" என்று விசாரித்தார். டாக்டர் சிரித்துவிட்டுச் சங்கிலியைப் பார்த்துச் சொன்னார்.

"இது நடிப்பும் இல்ல, பேயும் இல்லம்மா. மூளை தேஞ்சுக்கிட்டு வருது. செவத்துல நேத்து அடிச்ச சுண்ணாம்பு மொதல்ல உதிரும்ல, அது மாதிரி கிட்டத்துல நடந்தது மொதல்ல போயிரும். அடியில இருக்கிற பழசு நிக்கும். கொஞ்ச நாள்ல அதுவும் போகும். திரும்பக் கொண்டுவர மருந்து கெடையாது."

"அவளோட இருந்தது மூணு வருசம், என்னோட இருந்தது நாப்பது. நாப்பதும் உதிர்ந்துபோச்சு, மூணு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குதா? இது என்னய்யா நாயம்?"

"அது பாசத்தப் பாத்து எடுக்கலம்மா. கிட்ட இருக்கிறத எடுக்குது. நீங்க ரொம்பக் கிட்ட இருந்துட்டீங்க."

சங்கிலி நம்பவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல, இல்லன்னு மல்லுக்கட்டாதீங்க. செத்துட்டாங்கன்னு சொல்லாதீங்க, அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு. அவரு எந்த வருசத்துல இருக்காரோ அந்த வருசத்துக்கு நீங்களும் போயிருங்க" என்றார் டாக்டர்.

"அந்த வருசத்துல நான் அவுகளுக்குப் பொண்டாட்டி இல்லயேய்யா" என்றாள் சங்கிலி.

கர்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபின் சொல்வதை நிறுத்திவிட்டாள். "அக்கா வருவா" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அதில் வேறு வம்பு வந்தது. கொழுந்தியாள் கையால் அவர் சாப்பிட மாட்டேன் என்றார். வேட்டி மாற்ற வந்தால் சுருண்டுகொண்டு, "சீ, போ அங்கிட்டு! வயசுக்கு வந்த புள்ள செய்யிற வேலையா இது? ஒங்க அக்கா வரட்டும்" என்று விரட்டினார். அக்கா இல்லாத வீட்டில் கொழுந்தியாள் தனியாக இருக்கக் கூடாது என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வெயில் சுள்ளென்று அடித்தாலும் உள்ளே வர மாட்டார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "கொழுந்தியா வந்திருக்கா, தேவாரத்துல கொண்டுபோயி விடணும்" என்பார். ஊர் சிரித்தது. நரைத்த தலையோடு நிற்கிற கொழுந்தியாளைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஒருநாள் அவரே அவளைக் கையோடு கூட்டிப்போய்த் தேவாரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டரிடம், "தம்பி, எங் கொழுந்தியா. கல்யாணமாகாத புள்ள, பதனமா எறக்கி விடு. அவுக அப்பன் வந்து நிப்பாரு" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கிலி மல்லுக்கட்டவில்லை, டாக்டர் சொல்லியிருக்கிறார் இல்லையா! ஏறி உட்கார்ந்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வயல் வரப்பு வழியாக நடந்து வந்தாள். பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் கையசைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. கட்டிய நாளிலிருந்து அவளை வழியனுப்ப அவர் வாசல்வரைகூட வந்ததில்லை. வாலுவுக்காகப் பஸ் ஸ்டாண்டு வரை வந்திருக்கிறார். இது வரைக்கும் அக்கா மேல்தான் பொறாமை. இப்போது அந்த வாலு மேலும் வந்தது. தன்னோட சின்ன வயசு மேலேயே பொறாமைப்பட்ட பிறவி உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

சாப்பாடு குறைந்து குறைந்து ஆள் குச்சியாகிவிட்டார். கர்ணன் ஊட்டிப் பார்த்தான். "நீ யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

மாசிச் சிவராத்திரி வந்தது. கர்ணன் அதே அரக்கு நிறத்தில் புதுச்சேலை வாங்கிவந்து பெட்டியில் வைத்தான். எடுத்த பழசை, வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டே சங்கிலி உடுத்தினாள். வருசத்தில் அந்த ஒருநாள் மட்டும்தான் உடுத்துவாள். அன்றைக்கு முழுக்கப் பேச்சிமுத்து அவள் பக்கம் திரும்பமாட்டார், அது நாற்பது வருசப் பழக்கம். மறுநாள் அவிழ்த்து மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவாள். அப்படிச் சேர்ந்தது ஒரு பெட்டி நிறைய அக்காள்.

உடுத்திக்கொண்டு தட்டில் பொங்கலோடு வாசலுக்கு வந்தாள். பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அழப்போகிற பிள்ளைக்கு மாதிரி அவர் வாய் கோணிக்கொண்டது.

"வந்துட்டியா மூக்கி? எங்க போயிட்ட இத்தன நாளா?"

சங்கிலிக்குத் தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. துருத்திக்கொண்டிருந்த அவர் கழுத்தெலும்பைப் பார்த்தாள். அப்புறம், அக்காள் பேசுகிற மாதிரியே குரலை இறக்கி, "அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள்.

"வா, பக்கத்துல உக்காரு" என்றார். வாயைத் திறந்தார். தட்டு காலியாகிற வரைக்கும் சாப்பிட்டார். மடியைத் தடவி வெற்றிலையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "ஒனக்குன்னு எடுத்து வச்சிருந்தேன் மூக்கி" என்றார். நாற்பது வருசம் ஏங்கிய வெற்றிலை கைக்கு வந்தது, அக்காள் பேரில் வந்தது. அதை அவள் வாயில் போடவில்லை. கொண்டுபோய்ப் பெட்டி மேல் விட்டெறிந்தாள்.

"இந்தா, ஒஞ் சரக்கு. நீயே தின்னு."

அதற்கப்புறம் தினமும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு அரக்குச் சேலையை உடுத்தித்தான் அவருக்குச் சோறு போட்டாள். குளிப்பாட்டினாள், வேட்டி மாற்றினாள். எல்லாம் செய்யவிட்டார். காலடிச் சத்தம் கேட்காமல் நடக்கவும் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் உள்ளே எரியும். வேலை முடிந்ததும் சேலையை அவிழ்த்து உதறிவிட்டுத் தன்னுடைய பழைய ஊதாச் சேலைக்கு மாறுவாள். வாசலில் வந்து நின்றால், "வா வாலு, ஒங்க அக்கா இப்பத்தான் உள்ள போனா" என்பார். புருசன் ஒருத்தர், பெண்டாட்டி ஒருத்தி, கொழுந்தியாள் ஒருத்தி. வீட்டில் இருந்ததென்னவோ ரெண்டே பேர்.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம். சாப்பிட்டு முடித்துவிட்டு, அரக்குச் சேலையில் இருந்தவளைப் பேச்சிமுத்து உட்காரச் சொன்னார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூக்கி, ஒந் தங்கச்சி இங்கனயே கெடக்கே, பாத்தியா?"

"கெடந்தா என்ன?"

"அப்பிடிச் சொல்லாத. வயசுக்கு வந்த புள்ள. நீ இல்லாத நேரம் எனக்குக் கஞ்சி கொண்டாருது. நானும் பஸ் ஏத்தி விட்டுப் பாத்துட்டேன், திரும்பி வந்துருது. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துரணும்."

நாற்பது வருசமாகச் சங்கிலிக்குள் கிடந்த கேள்வி, அக்காளுடைய குரலில் வெளியே வந்தது.

"வெளிய எதுக்குப் பாக்கணும்? நீங்களே கட்டிக்கிறது. கட்டிக்கிறவா, கட்டிக்கிறவான்னு கேட்டுக்கிட்டே இருப்பீகளே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"அது வெளாட்டுப் பேச்சு மூக்கி. நெசத்துக்கு ஆகாது."

"ஏன் ஆகாது? கறுப்பா இருக்கான்னா? சத்தமாப் பேசுறான்னா?" மூக்கம்மாள் குரல் எங்கேயோ போய், சங்கிலியின் சொந்தக் குரலே சீறிக்கொண்டு வந்தது.

"அவளுக்கு என்ன கொற? பட்டாசாட்டம் புள்ள. அதுக்குத்தான் சொல்றேன். என்னையக் கட்டிக்கிட்டான்னு வையி. அவ வாசல்ல வந்து நிக்கிறப்பயெல்லாம் நான் நீதானோன்னு நிமிந்து பாப்பேன். இல்லேன்னதும் எம் மூஞ்சி செத்துப்போகும். அத அவ பாப்பா. ஒரு நாளா, ரெண்டு நாளா? காலம் பூராப் பாப்பா. பாவமில்லையா அது? ஒந் தங்கச்சிக்கு அந்தப் பாவத்தச் செய்யலாமா நான்?"

செய்தீர்களே என்று கத்த வாய் வந்தது. நாற்பது வருசம் செய்தீர்களே! தெரிந்தே இருந்திருக்கிறது இந்த மனுசனுக்கு. அணைந்துபோகிற அந்த முகத்தை அவள் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து, சொல்லத் தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். எல்லாம் மறந்த பிறகுதான் அது வாயில் வந்திருக்கிறது, அதுவும் அவளிடம் இல்லை, அக்காளிடம். இதற்கும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. பொறாமைக்குள்ளேயே அழுகையும் வந்தது. எழுந்து உள்ளே போனாள்.

அரக்குச் சேலையை உருவி எறிந்தாள். ஊதாச் சேலையைச் சுற்றிக்கொண்டாள். முகத்தைக் கழுவினாள். கருமாதியன்றைக்கு அப்பன் கழுவச் சொன்னது ஞாபகம் வந்தது. துடைக்காமலே வாசலுக்கு வந்து, தரை அதிர நடந்து வந்து, அவர் எதிரில் நின்றாள்.

"வா வாலு, ஒனக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் ஒங்க அக்காகிட்ட ஒன்னயப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். ஒனக்கு மாப்பிள்ள பாக்கப் போறோம்" என்று முகம் மலர்ந்தார் பேச்சிமுத்து. "பெருசுக எல்லாம் அதுகபாட்டுக்கு முடிவு பண்ணிப்புடும், ஒன்னயக் கேக்காதுக. நீ எங்கிட்டச் சொல்லு. எப்பிடிப்பட்ட மாப்பிள்ள வேணும்?"

ஐம்பத்தாறு வயதில் அவளிடம் முதல்முதலாகக் கேட்கப்பட்டது. சங்கிலி தரையில் உட்கார்ந்தாள். சேலை நுனியைத் திருகினாள். வெட்கம் மாதிரிதான் இருந்தது.

"பெரிய சம்பாத்தியமெல்லாம் வேணாம் மச்சான்" என்றாள். அந்த 'மச்சான்' வாயிலிருந்து வந்தபோது அவளுக்கே புதுசாக இருந்தது. "சாயங்காலம் வேல முடிஞ்சு வரும்போது, 'இது சங்கிலிக்கு'ன்னு நெனச்சு ஒரு வெத்தல கிள்ளிட்டு வர்ற ஆளாப் பாருங்க. அது போதும்."

"இம்புட்டுத்தானா? கழுத, இதுக்கா நீ இப்பிடி அழுகுற?" என்று பேச்சிமுத்து பழைய சிரிப்புச் சிரித்தார். மடியைத் தடவினார். அன்றைக்குக் கர்ணன் கொண்டுவந்ததில், பெட்டிக்கென்று பொறுக்கி வைத்திருந்த கொழுந்து வெற்றிலை ஒன்று இருந்தது. அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். காம்பைக் கிள்ளிப்போட்டார். பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

"அப்பிடி ஒருத்தன் கெடைக்கிற வரைக்கும் இதப் போட்டுக்க, வாலு. ஒங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

சங்கிலி வாங்கிக்கொண்டாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெற்றிலையை வாயில் போட்டு மென்றாள்.